இந்தோனேசியாவில் சாவு இசை ஏன் சோகமாகக் கேட்பதில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: கல்லூரிக் கருத்தரங்குக்காக இந்தோனேசிய மரபிசையைக் கொண்டாட்டம், துக்கம், உழைப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பட்டியல் போடுகிறீர்கள். யூடியூபில் 'பாலி ஈமச்சடங்கு இசை' என்று ஏற்றியிருப்பது திருவிழா மேளம் மாதிரி அதிர்கிறது. கல்யாண இசையும் ஏறக்குறைய அதே வாத்தியங்கள்தான். உழைப்புப் பாட்டு என்று தேடினால், மேடையில் ஒரே நிறத்தில் உடுத்திய பெண்கள் வெறும் உரலை இடிக்கிறார்கள். பதிவேற்றியவர்கள் தலைப்பை மாற்றிப் போட்டுவிட்டார்களா என்பது உங்கள் சந்தேகம். பெரும்பாலும் இல்லை. சாவுக்கு வாசிப்பது சோகமாக இருந்தாக வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல். எந்தச் சடங்கின் எந்தக் கட்டம், இறந்தவர் எந்த நிலையில் இறந்தார், வாசிப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா நடக்கிறார்களா என்பதுதான் அங்கே இசையைத் தீர்மானிக்கிறது. பல்லாயிரம் தீவுகள் கொண்ட நாட்டை ஒரு பதிலில் அடக்க முடியாது. பாலி, ஜாவா, சுலாவெசியின் தொராஜா, சுமத்ராவின் தோபா பத்தாக் ஆகிய நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலுக்கு இவை போதும்.

நீங்கள் பார்த்த அதிரடிப் பதிவு அநேகமாக 'பலெகன்ஜூர்'. பாலி இந்துக்களின் எரியூட்டும் சடங்கான 'ஙாபென்' ஊர்வலத்தில் வருவது இதுதான். ஏறக்குறைய 20 பேர் நடந்துகொண்டே வாசிப்பார்கள். இரண்டு கெண்டாங் மேளங்கள் முன்னின்று நடத்தும். தோளில் காவடித் தடியில் தொங்கும் இரண்டு பெரிய கோங்குகள் (குமிழ் வைத்த வெண்கலத் தட்டுகள்), ஒன்று ஆண், ஒன்று பெண், 8 அடிச் சுழற்சியைக் கட்டிக்கொடுக்கும். கையில் பிடித்த குமிழ் வைத்த வெண்கலச் சட்டிகளை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு சிலர் மெட்டைப் பங்கு போட்டு வாசிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, 'செங்செங்' என்னும் பெரிய ஜால்ராக்கள் வழக்கமாக எட்டு ஜோடி. ஜால்ராக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக அடிப்பதில்லை. ஒரே அடிமுறையை மூன்று குழுவாகப் பிரிந்து, ஒரு குழு தொடங்கி ஒரு நுண்ணடி தள்ளி அடுத்த குழு என்று நுழைவார்கள். மூன்றும் சேரும்போது இடைவெளியே இல்லாத ஒரு உலோக இரைச்சல் ஓடும். ஒருவர் மூச்சு வாங்கி ஒரு அடியை விட்டால் அந்த ஓட்டை தெருவுக்கே கேட்கும். வெயிலில் மேட்டில் ஏறும்போது இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் கெண்டாங்காரர் அவ்வப்போது கைகாட்டி ஜால்ராக்களை நிறுத்தி, சட்டிகளை மட்டும் ஓடவிடுவார். கேட்பவருக்கு அது அலங்காரம், வாசிப்பவருக்கு ஓய்வு.

இந்த இரைச்சலுக்குக் காரணம் இருக்கிறது. உடலைச் சுமந்துவரும் கோபுரப் பாடையை நாற்சந்தியில் மூன்று முறை சுற்றுவார்கள், ஆன்மா வீட்டுக்குத் திரும்பும் வழியை மறக்க வேண்டும் என்பதற்காக. சந்திகளில் பூத கணங்கள் கூடும் என்பதும் நம்பிக்கை. அந்த இடத்தில் இசை உச்சத்துக்குப் போகும். பாடையைத் தூக்குபவர்களுக்கு வேகம் கொடுக்க வேண்டும், பூதங்களை விரட்ட வேண்டும், ஆன்மாவைக் குழப்ப வேண்டும். இந்த மூன்று வேலையையும் மெல்லிய சோக இசை செய்யாது. இதே பலெகன்ஜூர் கோயில் ஊர்வலத்துக்கும் வரும், இன்று ஊர்களுக்கிடையே போட்டியாகவும் நடக்கிறது. ஆகவே ஒலியை மட்டும் கேட்டு 'இது சாவு, இது திருவிழா' என்று பிரிக்க முடியாது. படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதே ஙாபெனில் உட்கார்ந்து வாசிக்கும் குழுக்களும் உண்டு, உங்கள் 'துக்கம்' பத்திக்கு இவைதான் சரியான உதாரணங்கள். முதலாவது 'கமலான் அங்க்லுங்' (கமலான் என்பது பெரும்பாலும் வெண்கலத்தாலான, தட்டி வாசிக்கும் வாத்தியங்களின் தொகுப்பு). ஒவ்வொரு வாத்தியத்திலும் பெரும்பாலும் நான்கே வெண்கலப் பட்டைகள், அதாவது நான்கே ஸ்வரங்கள். சிறியது, எளிதில் தூக்கிப் போகலாம். தென் பாலியில் இதைக் கேட்டாலே எங்கோ சாவு என்று நினைப்பார்கள். தீவின் வேறு பகுதிகளில் கோயில் திருவிழாவுக்கும் சாதாரணமாக வாசிப்பார்கள். ஒரு எச்சரிக்கை: மேற்கு ஜாவாவின் மூங்கில் அங்க்லுங்குக்கும் இதற்கும் பெயர் ஒன்று, கருவி வேறு. மூங்கில் படத்தைப் போட்டுவிட்டு ஈமச்சடங்கு என்று எழுதினால் அவையில் யாராவது கை தூக்குவார்கள். இரண்டாவது 'கம்பாங்', மிகப் பழைய வகை. நான்கு மூங்கில் வாத்தியங்கள், ஒவ்வொன்றிலும் 14 பட்டைகள், கூடவே வெண்கலப் பட்டைகள் கொண்ட இரண்டு சாரோன். கம்பாங் வாசிப்பவரின் இரு கையிலும் கவட்டை வடிவக் கோல் இருக்கும், ஒரே அடியில் ஒரே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒலிக்கும். சாரோனின் மெட்டு 5, 3 என்று சமமில்லாமல் நடக்கும். நாலுக்கு நாலு என்று தாளம் போட்டுக் கேட்பவர் இரண்டாவது வரியிலேயே தடுக்கி விழுவார். மூன்றாவது 'கெண்டேர் வயாங்', பத்துப் பட்டைகள் கொண்ட வாத்தியங்கள். தோல்பாவைக்கூத்துக்கும் பல் அராவும் சடங்குக்கும் ஈமச்சடங்குக்கும் இதுவே வரும். சில ஊர்களில் பாடைக் கோபுரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து வாசித்துக்கொண்டு போவார்கள்.

பாலி இசை நடுங்குவதுபோல் கேட்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள், அது பதிவின் கோளாறு அல்ல. வாத்தியங்கள் ஜோடி ஜோடியாகச் செய்யப்படுகின்றன. ஒன்றைவிட மற்றதை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றிச் சுருதி சேர்ப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அடித்தால் நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 8 அலைகள் எழும். ஒரு பட்டை உடைந்து, வேறொரு செட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினால் அந்த அலை அந்த ஒரு ஸ்வரத்தில் மட்டும் செத்துப்போகும். ஒவ்வொரு செட்டுக்கும் தனிச் சுருதி என்பதால், இரண்டு ஊர்ச் செட்டுகளைக் கலந்து வாசிக்கவே முடியாது.

புத்தகங்களிலும் வலைத்தளங்களிலும் ஒரு வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வரும்: ஐந்து ஸ்வர வரிசையான ஸ்லெந்த்ரோ மகிழ்ச்சிக்கு, ஏழு ஸ்வர வரிசையான பேலோக் சோகத்துக்கு, சில இடங்களில் நேர் தலைகீழாகவும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவோடு சேர்த்துப் பேசப்படும் பாலியின் அங்க்லுங், நான்கே ஸ்வரம் என்றாலும், ஸ்லெந்த்ரோ வகை. நபிகள் பிறந்த மாதத்தைக் கொண்டாடும் ஜாவாவின் செக்காத்தேன் கமலான் பேலோக். வாய்ப்பாடு இங்கேயே உடைகிறது.

ஜாவாவுக்கு வருவோம். அங்கே கொண்டாட்ட இசைக்குக் குறைவே இல்லை. பழைய முறைக் கல்யாணத்தில் எந்தக் கட்டத்துக்கு என்ன வாசிப்பது என்பது நிர்ணயமானது. மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது 'கெபோ கீரோ': பலத்த, வேகமான இசைத் துண்டு. மணமக்கள் நேருக்கு நேர் சந்திக்கும் கட்டத்தில் 'கோடோக் ஙோரேக்'. எதிரெதிரே நின்று வெற்றிலைச் சுருள்களை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்வதும், மாப்பிள்ளை முட்டையை மிதிப்பதும், மணப்பெண் அவர் காலைக் கழுவுவதும் இந்தக் கட்டத்தில்தான். பிறகு வேகம் தணிந்து பாட்டோடு கூடிய மென்மையான துண்டுகள் தொடரும். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காக வாசிக்கும் 'விலுஜெங்' எந்த நல்ல காரியத்துக்கும் வரும். இங்கே நடக்கும் வழக்கமான சொதப்பல் நேரக் கணக்குதான். சடங்கு நடத்துபவர் வேகமாக முடித்துவிட்டால், துண்டு இன்னும் சுழற்சியின் நடுவில் இருக்கும். பெரிய கோங் விழும் இடத்தில் தவிர வேறெங்கும் நிறுத்தக் கூடாது. மேளக்காரர் ஓரக்கண்ணால் மணமக்களைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டி, கோங்கைச் சீக்கிரம் வரவழைத்து முடிப்பார். குழுவுக்குப் பதிலாக ஒலிப்பதிவைப் போட்டு நடத்தும் கல்யாணங்களில் இதைச் செய்ய ஆளில்லை, பாதியில் வெட்டுவார்கள்.

செக்காத்தேனையும் கொண்டாட்டப் பத்தியில் சேருங்கள். யோக்யகர்த்தா அரண்மனையின் இரண்டு செட்டுகள், கியாய் குந்தூர் மது, கியாய் நாகவிலாகா, நபி பிறந்த மாதத்தில் பெரிய பள்ளிவாசல் முற்றத்தில் எதிரெதிர் மண்டபங்களில் வைத்து மாறி மாறி வாசிக்கப்படும். பட்டைகள் வழக்கத்தைவிடப் பெரியவை, சுருதி தாழ்ந்தது, ஓசை கனமானது. வியாழன் இரவிலிருந்து வெள்ளித் தொழுகை முடியும்வரை வாசிப்பு கிடையாது. 1755-இல் மாத்தராம் அரசு இரண்டாகப் பிரிந்ததால் சுரகர்த்தாவிலும் இதே விழா தனியாக நடக்கிறது. மக்களை இஸ்லாத்துக்கு அழைக்க ஞானியர் இந்த இசையை ஏற்படுத்தினார்கள் என்பது மரபுக் கதை. பட்டியலில் 'மரபு இப்படிச் சொல்கிறது' என்று எழுதுங்கள், வரலாறு என்று எழுதாதீர்கள்.

ஆனால் ஜாவா கிராமத்தில் ஒரு சாவு விழுந்தால் கமலான் பொதுவாக வராது. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், 3, 7, 40, 100, 1000-ஆவது நாட்களில் அக்கம்பக்கத்தார் கூடி 'தஹ்லில்' என்னும் இறைத்துதியை ஓதி, சாப்பாடு பகிர்ந்து கலைவார்கள். ஓதுதல் லயத்தோடு, தலையசைவோடு ஏறி இறங்கும், ஆனால் ஓதுபவர்கள் அதை இசை என்று சொல்ல மாட்டார்கள். ஜாவாவின் சோக இசை இருக்கும் இடம் கூத்து. தோல்பாவைக்கூத்தில் நாயகன் களத்தில் விழும்போது 'த்லுத்தூர்' வகைத் துண்டுகள் வரும். கேட்க வேண்டியது இதில்தான்: வெண்கலப் பட்டைகள் ஸ்லெந்த்ரோவில் நிலையாக நிற்க, ரெபாப் என்னும் வில் வாத்தியமும் பாடகியின் குரலும் அந்த ஸ்வரங்களிலிருந்து வேண்டுமென்றே விலகி, இடையில் கிடக்கும் சுருதிகளில் சரியும். பட்டையை வளைக்க முடியாது, குரலை வளைக்கலாம். சோகம் அந்த உரசலில் பிறக்கிறது. 'ஜாவா துக்க இசை' என்று இதைப் பட்டியலில் போட்டால், அடைப்புக்குறிக்குள் 'கூத்தில்' என்று கட்டாயம் சேருங்கள்.

சுலாவெசி மலைப்பகுதியின் தொராஜா மக்கள் இந்தப் பிரிவினையை நாம் நினைப்பதைவிடக் கறாராக வைத்திருக்கிறார்கள். சடங்குகள் இரண்டு பக்கம். 'ரம்பு துகா' உயிர்ப்பின் பக்கம்: கிழக்கு, காலை, வீடு கட்டுதல், விளைச்சல். 'ரம்பு சோலோ' சாவின் பக்கம்: மேற்கு, பிற்பகலிலிருந்து. ஒரு பக்கத்தின் பாட்டை மறுபக்கத்தில் பாடக் கூடாது. இறந்தவர் உடல் மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே இருக்கும். சடங்கு தொடங்கும்வரை அவர் நோயாளிதான், இறந்தவரல்ல. தொடங்கியபின் இரவில் 'மா பாதோங்': ஆணும் பெண்ணும் வட்டமாக நின்று, பக்கத்திலிருப்பவரின் சுண்டுவிரலைச் சுண்டுவிரலால் கோத்துக்கொண்டு, வாத்தியமே இல்லாமல், ஒவ்வோர் அசையையும் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். வட்டம் மெல்லச் சுழலும். இறந்தவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்ந்தது, மறுவுலகம் போவது எல்லாம் வரிசையாகப் பாட்டில் வரும். நீண்ட புல்லாங்குழலோடு பெண் பாடும் புலம்பல் தனி வகை. சாவு வீட்டில் பெண்கள் வெறும் உரலை லயத்தோடு இடிப்பதும் உண்டு, அந்தச் சத்தம் பள்ளத்தாக்கில் சாவைச் சொல்லிவிடும். இன்று தொராஜாவில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்றாலும் மா பாதோங் நின்றுவிடவில்லை. சுற்றுலா நிகழ்ச்சியில் பகலில் பத்து நிமிடம் காட்டுவதைப் பார்த்து மதிப்பிட வேண்டாம், முழு இரவுப் பதிவாகத் தேடுங்கள்.

வடக்கு சுமத்ராவின் தோபா பத்தாக் மக்களிடம் சாவின் தரமே இசையை முடிவு செய்கிறது. பிள்ளைகள் எல்லோருக்கும் கல்யாணமாகி, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டு இறப்பது 'சவூர் மாதுவா'. அது நிறைவான சாவு, 'கொண்டாங் சபங்குனான்' என்னும் மேளக்குழுவை வைத்து ஆடுவார்கள். சின்ன வயதில், குழந்தை இல்லாமல் இறந்தவருக்குக் கொண்டாங் கிடையாது. அங்கே பெண்கள் 'அண்டுங்' என்னும் ஒப்பாரி பாடுவதோடு சரி. கொண்டாங்கின் நடுநாயகம் 'தகானிங்': வரிசையாகத் தொங்கவிட்ட, சுருதி சேர்த்த ஐந்து மேளங்கள். மேளம் வெறும் தாளம் போடாமல், சீவாளி வைத்து ஊதும் சருனே போலோனோடு சேர்ந்து மெட்டையே வாசிக்கும். கூட ஒரு பெரிய மேளம், நான்கு கோங்குகள், தட்டிக் காலம் காட்ட ஒருவர். சடங்கில் ஒவ்வோர் உறவுக்கூட்டமும், பங்காளிகள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் என்று முறை வைத்து, வாசிப்பவர்களிடம் இன்ன கொண்டாங் (வாசிக்கும் மெட்டுக்கும் அதே பெயர்தான்) வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு, பிறகே ஆடும். கேட்கும் வரிசை தப்பினால் சண்டையே வரும். வாசிப்பவர்களை 'பதாரா குரு' என்ற தெய்வப் பெயரால் மரியாதையாக அழைப்பது மரபு. மிஷனரிகள் காலத்தில் இந்தக் கொண்டாங்குக்குத் தடை வந்தது. இன்று பல வீடுகளில் பித்தளைப் பேண்டும் கீபோர்டும் அந்த இடத்தில் நிற்கின்றன. பேண்டு சத்தத்தோடு வரும் பத்தாக் சாவுப் பதிவைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். அது இன்றைய நடப்பு.

உழைப்புக்கு வருகிறேன். இதில்தான் பட்டியல்கள் அதிகம் குழம்புகின்றன, ஏனென்றால் வேலையை ஓட்டும் இசையையும், வேலை பலிக்க வேண்டும் என்று வாசிக்கும் இசையையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். முதல் வகைக்கு ஜாவாவின் 'லெசுங்' உரல் நல்ல சான்று. அது வட்ட உரல் அல்ல, ஒரே மரத்தைப் படகுபோல் நீளமாகக் குடைந்தது. நான்கைந்து பெண்கள் இருபுறமும் நின்று நெல் இடிக்கலாம். ஒரே குழியில் இரண்டு உலக்கை ஒரே நொடியில் விழுந்தால் மோதிக் கை அடிபடும். ஆகவே ஒருவர் அடிக்கும் இடைவெளியில் அடுத்தவர் அடிக்க வேண்டும். லயம் பொழுதுபோக்குக்காக வந்ததல்ல, பாதுகாப்பு. நெல் குறையக் குறைய ஓசை கூர்மையாகும். குழி காலியானதும் விளிம்பில், நடுவில், முனையில் என்று அடிக்கும் இடத்தை மாற்றி வெவ்வேறு ஒலிகளை எடுக்கலாம். ஒருவர் நிலையான அடியைப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் அதன் சந்துகளில் நுழைவார்கள். இதைத்தான் 'கெஜோக் லெசுங்' என்கிறார்கள். உரலைத் தரையில் அப்படியே போட்டால் மண் ஒலியைக் குடித்துவிடும், இரு முனையிலும் கட்டை கொடுத்துத் தூக்க வேண்டும். இந்த இடைவெளி அடிப்புதான் கமலானின் பின்னல் வாசிப்புக்கு மூலம் என்று சிலர் எழுதுகிறார்கள். பொருத்தமாகத் தெரிகிறது, ஆனால் சான்று இல்லை.

1970களில் நெல் அரவை எந்திரங்கள் ஜாவா கிராமங்களில் பரவியபின் கையால் குத்துவது வேகமாக ஒழிந்தது. கூலிக்கு இடித்த ஏழைப் பெண்களின் வருமானமும் அதோடு போயிற்று. நீங்கள் மேடையில் பார்த்தது அதற்குப் பிந்திய வடிவம், வேலை போய் விளையாட்டு மட்டும் மிஞ்சியது. அதை 'உழைப்புப் பாட்டு' என்று போடலாம், ஆனால் இப்போது யாரும் அதைக் கொண்டு அரிசி குத்துவதில்லை என்று ஒரு வரி சேருங்கள். சந்திர கிரகணத்தன்றும் லெசுங் இடிக்கும் வழக்கம் இருந்தது. அமுதைத் திருடிக் குடித்த ராகுவின் தலையை விஷ்ணு அறுத்தார், விழுந்த உடல் உரலாயிற்று, தலை நிலவை விழுங்குகிறது; உரலை அடித்தால் உடலில் அடிபட்டு நிலவைக் கக்கிவிடும் என்பது ஜாவாக் கதை. கிரகணத்தன்று உலக்கையை நிறுத்தி வைக்கும் நம் ஊர்ப் பழக்கமும் அதே ராகுவைச் சுற்றியதுதான்.

மேற்கு ஜாவாவின் சுண்டா மக்களிடம் 'ரெங்கோங்' உண்டு. அறுவடை நெல்லைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகும் மூங்கில் காவடித் தடியில் பள்ளம் வெட்டி, நெற்கட்டுகளைப் பனைநார்க் கயிற்றால் அந்தப் பள்ளத்தில் தொங்கவிடுவார்கள். சுமப்பவர் இடுப்பை ஆட்டி நடக்க, கயிறு மூங்கிலில் உரசித் தவளைக் கூட்டம்போலக் கரகரக்கும். சுமை போதாவிட்டால் உரசல் இல்லை, ஒலியும் இல்லை. சும்மா இரண்டு கட்டு வைக்கோலைத் தொங்கவிட்டு மேடையில் காட்டினால் சத்தம் வராது. சுமைதான் வாத்தியம் என்பதால் உங்கள் பட்டியலின் உழைப்புப் பத்தியில் முதலிடம் இதற்குத்தான் தருவேன்.

இரண்டாவது வகைக்கு, அதாவது விளைச்சல் வேண்டி வாசிப்பதற்கு, ஜாவாவின் மேற்குப் பகுதியில் வாழும் பாடுய் மக்களின் மூங்கில் அங்க்லுங் சரியான சான்று. நெல் விதைக்கும் நாளில் நெல் தெய்வம் நியி பொஹாச்சிக்காகக் குலுக்குவார்கள், பயிர்ப் பருவத்தில் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் கருவிகளைக் கட்டி வைத்துவிடுவார்கள். அடுத்த விதைப்புவரை தொடக் கூடாது. இன்று பள்ளிகளில் நூறு பேர் சேர்ந்து சினிமாப் பாட்டு வாசிக்கும் அங்க்லுங் வேறு: டாயெங் சுதிக்னா என்பவர் 1938-இல் மேற்கத்திய ஸ்வர வரிசைக்கு மாற்றிய வடிவம். யுனெஸ்கோ 2010-இல் அங்க்லுங்கையும் 2021-இல் கமலானையும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபின் இணையத்தில் வரும் படங்களில் பெரும்பாலானவை இந்த மேடை வடிவங்களே. பாடுய் சடங்கு என்று தலைப்பிட்டு, படத்தில் ஐம்பது பேர் ஒரே சட்டையில் நடத்துநரைப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

மற்றபடி பதிவுகளைத் தேர்வு செய்யும்போது ஊர், இனம், சடங்கின் பெயர் மூன்றும் விளக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'சோகமான பாலி கமலான், மன அமைதிக்கு' என்ற மாதிரித் தலைப்புகளை நேராக ஒதுக்கலாம். நடந்துகொண்டு வாசிக்கிறார்கள் என்றால் ஊர்வலம். பாடை தெரிந்தால் ஙாபென், குடையும் படையலும் மட்டும் என்றால் கோயில். வாத்தியத்தில் நான்கே பட்டை இருந்தால் அங்க்லுங். உரலில் நெல் இருக்கிறதா, காலியா என்றும் பாருங்கள். காலி உரல் என்றால் அது ஜாவாவின் மேடையா தொராஜாவின் சாவு வீடா என்பதைச் சுற்றி நிற்பவர்களின் உடையே சொல்லிவிடும்.